ஹோஸ்ட் அழைக்கும்போது: ஆடியோ ப்ளக்இன் எழுதத் தேவைப்படும் அடிப்படைச் சொற்கள்

ஆடியோ ப்ளக்இன், அதாவது இசை மென்பொருளுக்குள் சேர்ந்துகொண்டு ஒலியை மாற்றும் அல்லது உண்டாக்கும் துணை மென்பொருள், எழுதலாம் என்று உட்காருகிறவர்கள் பலர் முதல் வாரத்திலேயே சொற்களில் சிக்கிக்கொள்கிறார்கள். ஹோஸ்ட், பஃபர், பஸ், பாராமீட்டர், ஸ்டேட், டெயில், லேட்டன்சி என்று எந்த ஆவணத்தைத் திறந்தாலும் பக்கத்துக்கு ஏழெட்டு வந்து நிற்கும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சின்ன விஷயங்கள்தான். ஆனால் அவை எதற்காக இருக்கின்றன என்று பிடிபடாமல் எழுதிய ப்ளக்இன், எழுதியவரின் கணினியில் ஒழுங்காக ஓடிவிட்டு, இன்னொருவர் கணினியில் கரகரக்கும். சேமித்து வைத்த பாட்டைத் திறந்தால் வேறு சத்தம் தரும்.

இந்தச் சொற்களில் பெரும்பாலானவை ஒரே உண்மையிலிருந்து வந்தவை. ப்ளக்இன் தானாக ஓடுவதில்லை. இன்னொரு மென்பொருள் அதை அழைக்கிறது. எப்போது அழைப்பது, எவ்வளவு நேரத்துக்குள் பதில் வரவேண்டும் என்பதையெல்லாம் அந்த மென்பொருளே முடிவு செய்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் ஒவ்வொரு சொல்லும் தன் இடத்தில் போய் உட்காரும்.

அழைக்கும் அந்த மென்பொருள்தான் ஹோஸ்ட். க்யூபேஸ், ஏபிள்டன் லைவ், லாஜிக் புரோ, ரீப்பர், புரோ டூல்ஸ், எஃப்எல் ஸ்டூடியோ போன்ற இசைத் தயாரிப்பு மென்பொருள்கள் எல்லாம் ஹோஸ்ட்கள். சில வீடியோ எடிட்டிங் மென்பொருள்களும், நேரடி ஒளிபரப்பு மென்பொருள்களும்கூட ப்ளக்இன்களை ஏற்கும், ஆகவே அவையும் ஹோஸ்ட்களே. ப்ளக்இன் என்பது தனியாக இயங்கும் செயலி இல்லை, ஹோஸ்ட் தனக்குள் ஏற்றிக்கொள்ளும் ஒரு நூலகக் கோப்பு. பொதுவாக ஹோஸ்டின் மெமரியிலேயே அது குடியிருக்கும். அதனால்தான் ஒரு ப்ளக்இன் விழுந்தால் பாதி முடித்த பாட்டோடு ஹோஸ்டும் சேர்ந்து விழுகிறது. பிட்விக், ரீப்பர் போன்றவை ப்ளக்இன்களைத் தனி ப்ராசஸில் (ஹோஸ்டின் மெமரிக்கு வெளியே தனி நிரலாக) ஓட்டும் வசதியைத் தருகின்றன. எல்லா ஹோஸ்ட்டும் தருவதில்லை.

ஹோஸ்ட்டும் ப்ளக்இன்னும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்ற ஒப்பந்தம்தான் ஃபார்மட். ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996-இல் விஎஸ்டி-யை வெளியிட்டது. 1999-இல் வந்த விஎஸ்டி 2, மிடி (எந்தச் சுரத்தை எப்போது வாசிப்பது என்று சொல்லும் செய்திகள்) வாங்கும் வசதியைக் கொண்டுவந்தது. மென்பொருள் இசைக்கருவிகள் பெருகியது அதற்குப் பிறகுதான். 2008-இல் விஎஸ்டி 3 வந்தது. விஎஸ்டி 2-க்கான மேம்பாட்டுத் தொகுப்பை வினியோகிப்பதை ஸ்டைன்பெர்க் 2018-இல் நிறுத்திவிட்டதால், இன்று புதிதாகத் தொடங்குகிறவருக்கு விஎஸ்டி என்றால் விஎஸ்டி 3 மட்டுமே. ஆப்பிள் கணினிகளில் ஆடியோ யூனிட் என்ற ஃபார்மட் உண்டு, லாஜிக் அதை மட்டும்தான் ஏற்கும். புரோ டூல்ஸுக்கு ஏஏஎக்ஸ் வேண்டும், அதுவும் டிஜிட்டல் கையொப்பம் இட்டதாக இருக்க வேண்டும். லினக்ஸில் எல்வி2. பிட்விக், யூ-ஹி நிறுவனங்கள் சேர்ந்து 2022-இல் எம்ஐடி என்ற திறந்த மூல உரிமத்தில் வெளியிட்ட க்ளாப், இருப்பதில் இளையது.

இத்தனைக்கும் தனித்தனியாக எழுத யாருக்கும் பொறுமை இருக்காது. அதற்குத்தான் ஃப்ரேம்வொர்க். 2004-லிருந்து வளர்ந்துவரும் ஜூஸ் இதில் மிகப் பரவலானது. ஒருமுறை எழுதிய நிரலை விஎஸ்டி 3, ஆடியோ யூனிட், ஏஏஎக்ஸ் என்று பல உறைகளில் போட்டுக் கொடுக்கும். ஐப்ளக்2 இன்னொன்று. ரஸ்ட் மொழிக்காரர்களுக்கு நிஹ்-ப்ளக் இருக்கிறது. ஃப்ரேம்வொர்க் எது என்பதைப் பற்றி ஆரம்பத்தில் ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. கீழே வரும் சொற்கள் எல்லாவற்றுக்கும் பொது.

சரி, சத்தத்துக்கு வருவோம். கணினிக்குள் ஒலி என்பது எண்களின் வரிசை. ஒரு எண் ஒரு சாம்பிள். ஒரு விநாடிக்கு எத்தனை சாம்பிள் என்பது சாம்பிள் ரேட்: குறுந்தகட்டில் 44,100, வீடியோ வேலையில் 48,000, சிலர் 96,000-இல் பதிவு செய்வார்கள். ப்ளக்இன்னுக்குள் சாம்பிள்கள் பெரும்பாலும் 32 பிட் தசம எண்களாக (ஃப்ளோட்) வருகின்றன. மைனஸ் 1-இலிருந்து பிளஸ் 1 வரை என்பது முழு அளவு. தசம எண் என்பதால் வழியில் அதைத் தாண்டினாலும் அலை வெட்டுப்படாது, கடைசியில் ஒலி அட்டைக்கோ கோப்புக்கோ போகும் முன் குறைத்துக்கொண்டால் போதும். ஸ்டீரியோவில் இடது, வலது என்று இரண்டு சேனல். அவை ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனி வரிசைகளாகவே பொதுவாக ப்ளக்இன்னிடம் வரும்.

ஹோஸ்ட் இந்தச் சாம்பிள்களை ஒவ்வொன்றாகக் கொடுப்பதில்லை, கட்டுக்கட்டாகக் கொடுக்கிறது. ஒரு கட்டுதான் ப்ளாக் அல்லது பஃபர். அதில் எத்தனை சாம்பிள் என்பது பஃபர் சைஸ். ஒவ்வொரு கட்டுக்கும் ஹோஸ்ட் ப்ளக்இன்னின் ஒரு குறிப்பிட்ட ஃபங்ஷனை அழைக்கும். ப்ராசஸ் கால்பேக் என்பது அதுதான். ப்ளக்இன்னின் உயிர் இந்த ஒரு ஃபங்ஷனில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடு.

இங்கே கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சாம்பிள் ரேட் 48,000, பஃபர் 512 என்றால் ஒரு கட்டின் நீளம் 10.67 மில்லிவிநாடி. ஒலி அட்டை முந்தைய கட்டை ஒலித்து முடிக்கும் முன் இந்தக் கட்டு தயாராகியிருக்க வேண்டும். அந்த 10.67 மில்லிவிநாடி உங்களுக்கு மட்டும் கிடைப்பதில்லை. பாட்டில் இருக்கும் எல்லா ட்ராக்குகளும், அவற்றில் போட்டிருக்கும் எல்லா ப்ளக்இன்களும் அதற்குள் முடிய வேண்டும். பாடகர் ஹெட்ஃபோனில் தன் குரலைக் கேட்டுக்கொண்டே பாடுகிறார் என்றால் பஃபரை 64-க்கு இறக்குவார்கள். அப்போது கெடு 1.33 மில்லிவிநாடி. கெடு தவறினால் ஒலி அட்டைக்குக் கொடுக்க ஒன்றுமிருக்காது, காதில் 'டிக்' என்று ஒரு வெடிப்பு கேட்கும். ட்ராப்அவுட், க்ளிட்ச், எக்ஸ்ரன் என்று பல பெயர்களில் சொல்வது இதைத்தான்.

இதிலிருந்து ஒரு விளைவு வருகிறது. வேறு துறைகளில் நிரல் எழுதிப் பழகியவர்கள் இதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆகிறது: சராசரி வேகத்துக்கு இங்கே மதிப்பே கிடையாது. ஆயிரம் கட்டுகளை 1 மில்லிவிநாடியில் முடித்துவிட்டு ஒரே ஒரு கட்டுக்கு 15 மில்லிவிநாடி எடுத்துக்கொண்டால், சராசரி அருமையாக இருக்கும், பதிவு பாழாகியிருக்கும். மோசமான ஒரு தடவை எவ்வளவு நேரம் ஆகும் என்பது மட்டுமே கேள்வி.

ரியல்டைம் சேஃப் என்ற சொல் இங்கிருந்துதான் வருகிறது. ஒரு நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைத்தொடர்களில் ஒவ்வொன்றும் ஒரு த்ரெட். ப்ராசஸ் கால்பேக் ஓடுவது ஆடியோ த்ரெட்டில். அந்த த்ரெட்டில் எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத எதையும் செய்யக் கூடாது. புதிதாக மெமரி கேட்கக் கூடாது, ஏனென்றால் அந்தக் கோரிக்கை சில நேரம் இயங்குதளம் வரை போய்த் திரும்பும். கோப்பைத் திறக்கக் கூடாது, இணையத்தைத் தொடக் கூடாது, சோதனைக்காக ஒரு வரி பதிவுக்குறிப்பு எழுதுவதுகூட ஆபத்து. எல்லாவற்றையும்விட, இன்னொரு த்ரெட் பிடித்திருக்கக்கூடிய பூட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது.

கடைசியாகச் சொன்னது ஏன் இவ்வளவு கெட்டது? ப்ளக்இன்னின் திரையை வரைவது வேறொரு த்ரெட். அதற்கு முன்னுரிமை குறைவு. அது ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது இயங்குதளம் அதை நிறுத்திவிட்டு வேறு ஏதோ வேலைக்குப் போய்விடலாம். ஆடியோ த்ரெட் அதே பூட்டுக்கு வந்து நிற்கும். உச்ச முன்னுரிமை உள்ள வேலை, அடிமட்ட முன்னுரிமை உள்ள வேலைக்காகக் காத்துக் கிடக்கும். ப்ரயாரிட்டி இன்வர்ஷன் என்பது இந்த நிலை. இதைத் தவிர்க்கத்தான் ஒற்றை எண்ணைக் கைமாற்ற அட்டாமிக் (பாதியில் குறுக்கிட முடியாத) மாறிகளையும், தொடர்ச்சியான செய்திகளைக் கைமாற்ற லாக்-ஃப்ரீ (பூட்டு இல்லாத) வரிசைகளையும் பயன்படுத்துகிறார்கள். இந்த வரிசையின் எளிய வடிவம் ஒரு த்ரெட் மட்டும் எழுத, ஒரு த்ரெட் மட்டும் படிக்கும் வளைய பஃபர். மெமரியைத் தானே சுத்தம் செய்யும் மொழிகள் இங்கே பெரிதாகக் காலூன்றாததற்கும், சி++ இன்னும் கோலோச்சுவதற்கும் காரணம் இந்தக் கெடுதான்.

அப்படியானால் தேவையான மெமரியை எப்போது வாங்கிக்கொள்வது? அதற்காகவே தயாரிப்பு அழைப்பு என்று ஒன்று இருக்கிறது. ஓட்டம் தொடங்கும் முன் ஹோஸ்ட் வந்து, 'சாம்பிள் ரேட் இவ்வளவு, ஒரு கட்டில் அதிகபட்சம் இத்தனை சாம்பிள்' என்று சொல்லும். ஒலியைத் தாமதித்து எதிரொலியாகத் தரும் டிலே ப்ளக்இன் என்றால், உதாரணமாக இரண்டு விநாடிக்கான இடத்தை அப்போதே ஒதுக்கிக்கொள்ள வேண்டும். 'அதிகபட்சம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 512 என்று சொன்ன ஹோஸ்ட் 512, 512, 37, 475 என்று கொடுக்கலாம். சில ஹோஸ்ட்கள் பாராமீட்டர் மாறும் இடத்தில் கட்டை வெட்டிக் கொடுக்கும். எல்லாக் கட்டும் ஒரே நீளம் என்று நம்பி எழுதுவது மிகப் பொதுவான தவறுகளில் ஒன்று.

இப்போது பாராமீட்டர். பயனர் திருப்பும் ஒவ்வொரு குமிழும், ஒவ்வொரு ஸ்விட்சும் ஹோஸ்டின் கண்ணுக்கு ஒரு பாராமீட்டர். பாட்டு ஓட ஓட அதன் மதிப்பை ஹோஸ்டே மாற்றிக்கொண்டு போவது ஆட்டோமேஷன். ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஒரே ஒரு குமிழ் உள்ள ப்ளக்இன்னை எடுத்துக்கொள்வோம். இதைவிட எளிய ப்ளக்இன் கிடையாது. மைனஸ் 6 டெசிபெல் என்றால் ஒவ்வொரு சாம்பிளையும் ஏறக்குறைய 0.5-ஆல் பெருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனாலும் இதற்குள்ளேயே இரண்டு பொறிகள் இருக்கின்றன.

முதலாவது: பயனர் குமிழைச் சுழற்றும்போது, கட்டுக்கு ஒருமுறை மட்டும் புதிய மதிப்பைப் படித்தால் பெருக்கும் எண் ஒவ்வொரு கட்டின் விளிம்பிலும் தாவும். 48,000 ரேட்டில் 512 கட்டு என்றால் விநாடிக்குக் கிட்டத்தட்ட 94 தாவல்கள். அவை சேர்ந்து ஜிப்பை இழுக்கும் சத்தம்போல் கேட்பதால் அதற்கு ஜிப்பர் நாய்ஸ் என்றே பெயர். பழைய மதிப்பிலிருந்து புதிய மதிப்புக்கு, உதாரணமாக 20 மில்லிவிநாடி எடுத்துக்கொண்டு, 960 சாம்பிள்களில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தால் சத்தம் போய்விடும். இந்த நகர்த்தல்தான் ஸ்மூத்திங்.

இரண்டாவது பொறி பல மாதம் கழித்துத்தான் வெளியே தெரியும். விஎஸ்டி 3-இல் ஹோஸ்ட் எல்லாப் பாராமீட்டரையும் 0-இலிருந்து 1 வரையிலான எண்ணாகத்தான் பார்க்கிறது. நார்மலைஸ்டு மதிப்பு என்பது அது. நம் குமிழின் வரம்பு மைனஸ் 60 முதல் பிளஸ் 12 டெசிபெல் வரை, அளவுகோல் நேர்கோடு என்று வைத்துக்கொள்வோம். மைனஸ் 6 டெசிபெல் என்பது ஹோஸ்டுக்கு 0.75. ஆட்டோமேஷனில் அது 0.75 என்றே பதிவாகும். அடுத்த பதிப்பில் தாராள மனதோடு மேல் வரம்பைப் பிளஸ் 24 ஆக்குகிறீர்கள். பழைய பாட்டைத் திறந்தால் அதே 0.75 இப்போது பிளஸ் 3 டெசிபெல். ஒரு வரி மாற்றத்தில் பயனரின் பாட்டு 9 டெசிபெல் சத்தமாகிவிட்டது. பாராமீட்டரின் அடையாள எண்ணை மாற்றினாலும் இதே கதிதான்: பழைய ஆட்டோமேஷன் எதைத் தேடுகிறதோ அது இருக்காது. வெளியிட்ட பிறகு வரம்பும் அடையாளமும் உங்களுடையவை இல்லை, பயனரின் பாட்டுகளுக்குச் சொந்தமானவை. பெயரை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம்.

பாராமீட்டரை ஒட்டி ஜெஸ்சர் என்று ஒரு சொல் வரும். பயனர் குமிழைப் பிடித்ததையும் விட்டதையும் ஹோஸ்டுக்குச் சொல்வது அது. சொல்லாவிட்டால், பயனர் கை வைத்திருக்கும்போதே ஆட்டோமேஷன் எழுதும் முறையில் ஹோஸ்ட் குழம்பும்.

பாட்டைச் சேமிக்கும்போது ஹோஸ்ட் ஒவ்வொரு ப்ளக்இன்னிடமும் 'உன் நிலையைக் கொடு' என்று கேட்கும். ப்ளக்இன் தரும் பைட் மூட்டைதான் ஸ்டேட். உள்ளே என்ன இருக்கிறது என்று ஹோஸ்ட் பார்ப்பதில்லை. திறக்கும்போது அப்படியே திருப்பித் தரும். பாராமீட்டர் மதிப்புகளோடு, பாராமீட்டர் ஆகாத விஷயங்களும் (ஏற்றியிருக்கும் ஒலிக்கோப்பின் பாதை போன்றவை) அதில் இருக்க வேண்டும். மூட்டையின் தொடக்கத்தில் பதிப்பு எண்ணை எழுதிவிடுங்கள், முதல் வெளியீட்டிலேயே. மூன்றாவது பதிப்பில் முதல் பதிப்பின் மூட்டையைப் படிக்க வேண்டிவரும்போது, அந்த ஒரு எண்தான் கைகொடுக்கும். ப்ரீசெட் என்பது பயனருக்குப் பெயரிட்டுக் கொடுக்கும் அமைப்பு. பெரும்பாலும் அதே மூட்டைதான் உள்ளே இருக்கும்.

அடுத்து லேட்டன்சி. சில வேலைகளை உடனடியாகச் செய்யவே முடியாது. வரப்போகும் உச்சத்தை முன்கூட்டியே பார்த்து அடக்கும் லிமிட்டர் 5 மில்லிவிநாடி முன்னால் பார்க்கிறது என்றால், உண்மையில் அது ஒலியை 5 மில்லிவிநாடி பிடித்து வைத்துக்கொள்கிறது: 48,000 ரேட்டில் 240 சாம்பிள், 96,000 ரேட்டில் 480. லீனியர் ஃபேஸ் ஈக்யூவில் (எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவு தாமதப்படுத்தும் ஒலிச்சமன் கருவியில்) இது இன்னும் அதிகம். 4,097 எண்கள் கொண்ட சமச்சீர் ஃபில்டர் 2,048 சாம்பிள் தாமதப்படுத்தும். இந்த எண்ணை ப்ளக்இன் ஹோஸ்டிடம் அறிவிக்க வேண்டும். மற்ற ட்ராக்குகளை அதே அளவு தாமதப்படுத்தி எல்லாவற்றையும் ஹோஸ்ட் ஒரே நேரத்துக்குக் கொண்டுவரும். டிலே காம்பென்சேஷன் என்பது அது. அறிவிக்க மறந்தால் டிரம் ட்ராக் மட்டும் பின்தங்கி ஒலிக்கும். ஒரே ஒலியின் இரண்டு நகல்கள் கலக்கும் இடத்தில் சில அதிர்வெண்கள் காணாமல் போகும். பயனர் பைபாஸ் போட்டாலும் (ப்ளக்இன்னின் வேலையைத் தற்காலிகமாக நிறுத்தினாலும்) அதே தாமதத்தைக் காப்பாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஸ்விட்சைத் தட்டும்போதெல்லாம் பாட்டு முன்னும் பின்னும் குதிக்கும்.

டெயில் இதற்கு நெருங்கிய சொல், ஆனால் பொருள் வேறு. உள்ளே வரும் ஒலி நின்ற பிறகும், அறையின் எதிரொலியைச் சேர்க்கும் ரிவெர்ப் எத்தனை விநாடி ஒலித்துக்கொண்டிருக்கும் என்பது டெயில். அதைச் சொல்லாவிட்டால் சில ஹோஸ்ட்கள் ட்ராக் முடிந்தது என்று ப்ளக்இன்னை அழைப்பதை நிறுத்திவிடும், கடைசி எதிரொலி பாதியில் அறுந்துபோகும்.

அந்த எதிரொலி தேய்ந்து தேய்ந்து மறையும் இடத்தில் இன்னொரு விஷயம் காத்திருக்கிறது. எண்கள் 10-இன் மைனஸ் 38-ஆம் அடுக்கை ஒட்டிச் சிறுத்துவிட்டால் அவற்றுக்கு டீநார்மல் என்று பெயர். பல ப்ராசஸர்கள் இவற்றைக் கையாளும்போது வேகம் பல மடங்கு குறையும். ஒலி நின்றுபோன அமைதியான இடத்தில் ப்ராசஸரின் சுமையைக் காட்டும் மீட்டர் எகிறினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ப்ராசஸ் கால்பேக் தொடங்கும்போது, இத்தகைய எண்களைப் பூச்சியமாக்கும்படி ப்ராசஸரிடம் சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

அலியாசிங் பற்றி எழுதத் தொடங்கினால் தனிக் கட்டுரை ஆகிவிடும், தேவையானதை மட்டும் சொல்கிறேன். 48,000 ரேட்டில் இருக்க முடிகிற உச்ச அதிர்வெண் அதில் பாதி, 24,000 ஹெர்ட்ஸ். அதற்கு நைக்விஸ்ட் என்று பெயர். அலையின் வடிவத்தை வேண்டுமென்றே சிதைக்கும் டிஸ்டார்ஷன் ப்ளக்இன்னுக்குள் 15,000 ஹெர்ட்ஸ் ஒலி நுழைந்தால் அதன் மூன்றாவது ஹார்மோனிக் (மூன்று மடங்கு அதிர்வெண்) 45,000-இல் பிறக்க வேண்டும். அதற்கு இடமில்லை. மடிந்து 3,000 ஹெர்ட்ஸில் வந்து விழும், அலியாசிங் என்பது இதுதான். இசைக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு சுரம் காதுக்கு நன்றாகக் கேட்கும் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. உள்ளே மட்டும் ரேட்டை நான்கு மடங்காக்கி, வேலையை முடித்து, மேலே உள்ளதை வடிகட்டிவிட்டுப் பழைய ரேட்டுக்குத் திரும்புவது ஓவர்சாம்பிளிங். அந்த ஃபில்டரும் பெரும்பாலும் தாமதம் சேர்க்கும் என்பதால் லேட்டன்சி எண்ணைத் திருத்திச் சொல்ல வேண்டும்.

பஸ் என்பது சேர்ந்து பயணிக்கும் சேனல்களின் தொகுதி. கிக் டிரம்மின் ஒலியைக் கேட்டு பேஸ் ட்ராக்கை அழுத்தும் கம்ப்ரஸருக்கு இரண்டு உள்ளீட்டு பஸ்கள் வேண்டும், இரண்டாவதுதான் சைடுசெயின். பயனர் அதை இணைக்காமலும் விடலாம், நிரல் அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

இசைக்கருவி ப்ளக்இன்னுக்கு ஒலிக்குப் பதிலாக மிடி நிகழ்வுகள் வரும்: எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம், எப்போது. 'எப்போது' என்பது கட்டுக்குள் எத்தனையாவது சாம்பிள் என்று வரும். 300-ஆவது சாம்பிளில் தொடங்க வேண்டிய சுரத்தைக் கட்டின் தொடக்கத்திலேயே ஒலிக்கவிட்டால் 6 மில்லிவிநாடி முந்திவிடும்; அடுத்த சுரம் வேறு அளவு முந்தும். தாளம் லேசாகத் தள்ளாடும், பயனருக்குக் காரணம் புலப்படாது. இன்னொன்று, விஎஸ்டி 3 மிடி கன்ட்ரோலர் செய்திகளை அப்படியே தருவதில்லை, பாராமீட்டர்களாக மாற்றித்தான் அனுப்பும். பழைய விஎஸ்டி 2-இலிருந்து வருகிறவர்கள் முட்டிக்கொள்ளும் இடம் இது.

முடித்த பாட்டைக் கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது நடப்பது ஆஃப்லைன் ரெண்டர். நாலு நிமிடப் பாட்டைச் சில விநாடிகளில்கூட ஹோஸ்ட் ஓட்டிவிடும். கணினிக் கடிகாரத்தைப் பார்த்து எதிரொலியின் நேரத்தைக் கணக்கிட்ட ப்ளக்இன் இங்கே உளறும். நேரத்தைச் சாம்பிள் எண்ணிக்கையாலும், ஹோஸ்ட் சொல்லும் டெம்போ, பாட்டின் இடம் ஆகியவற்றாலும் மட்டுமே அளக்க வேண்டும்.

கடைசியில் வேலிடேஷன். ஹோஸ்ட் தொடங்கும்போது ப்ளக்இன்களை ஏற்றி விசாரித்துப் பார்க்கும், அது ஸ்கேன். அந்த நேரத்தில் உரிமம் கேட்டு ஜன்னல் திறக்கும் ப்ளக்இன்னைச் சில ஹோஸ்ட்கள் ஒதுக்கிவிடும். ஆடியோ யூனிட்டுக்கு ஆப்பிள் தரும் ஏயூவால் என்ற கருவியில் தேறாததை லாஜிக் பட்டியலில் சேர்க்காது. ட்ராக்‌ஷன் நிறுவனம் இலவசமாகத் தரும் ப்ளக்இன்வால் 1 முதல் 10 வரை கடுமை நிலைகள் கொண்டது, 5 தேறினால்தான் ஹோஸ்ட்களில் பரவலாக ஓடும் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். மாறும் பஃபர் சைஸ், ஓட்டத்தின் நடுவே ஸ்டேட்டை மீட்பது போன்றவற்றை இக்கருவிகள் சோதித்துவிடும். சத்தம் சரியா என்பதை அவை சொல்லாது. அதற்கு நல் டெஸ்ட் (ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து மிச்சம் பார்க்கும் சோதனை) செய்யுங்கள்: ஒரே பகுதியை 64 பஃபரில் ஒருமுறை, 1,024-இல் ஒருமுறை, ஆஃப்லைனில் ஒருமுறை பதிவு செய்து, இரண்டு இரண்டாக எடுத்து ஒன்றின் அலையைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டுங்கள். வேண்டுமென்றே தற்செயல் எதையும் சேர்க்காத ப்ளக்இன் என்றால் மிச்சம் கிட்டத்தட்ட முழு அமைதியாக இருக்க வேண்டும். ஏதாவது கேட்டால், மேலே சொன்ன சொற்களில் எதையோ நிரல் இன்னும் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறது. மிச்சம் எந்த இடத்தில் கேட்கிறது என்று பார்த்தால் எந்தச் சொல் என்று கண்டுபிடித்துவிடலாம்.